மாவ்லின் பிரேக்குக்குக் காற்று எடுத்த கதை

கூ மாவ்லினுக்கு ஆத்திரம் வர வேண்டுமானால், மெய்னோங் ஊர்க்கோயிலுக்குப் போய்த் தப்பான வாசலில் கால் வைத்தால் போதும். தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தினமும் காலையில் அங்கே நின்று பக்தர்களை ஒழுங்குபடுத்துவது அவராக எடுத்துக்கொண்ட உத்தியோகம். டிராகன் வாசலில் நுழைய வேண்டும், புலி வாசலில் வெளியேற வேண்டும். டிராகன் இருப்பது இடப்பக்கம். யாருக்கு இடம்? உள்ளே உட்கார்ந்து வெளியே பார்க்கிற சாமிக்கு. எதிரே நிற்கிற நமக்கு அது வலம். தைபேயிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது எங்கே தெரிகிறது? இருபது பேரையும் வெளியே துரத்தி மறுபடி வரிசையில் நிறுத்தி உள்ளே அனுப்பினால்தான் இவருக்குக் காலைக் கஞ்சி இறங்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் பதினேழு வயதுக் காரை எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. மனைவி சியூலானின் தம்பி ஆகுவாங் பக்கத்துத் தெருவிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அதனாலேயே விட்டதில்லை. ஆகுவாங் ஒரு ஸ்க்ரூவைத் திருகிக் கொடுத்தால் அதை ஒன்பது வருஷம் சொல்லிக்காட்டுவான்.

திங்கட்கிழமை முன்சக்கரம் இரண்டுக்கும் புது காலிப்பர் வாங்கி வந்து மாட்டினார். டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துகிற இரும்புக் கவ்வி அது. மாட்டியாயிற்று, பிரேக் ஆயிலும் ஊற்றியாயிற்று. பெடலை மிதித்தால் ஆவியில் வெந்த அரிசி மாவை மிதித்தது போல மெத்தென்று தரை வரைக்கும் போயிற்று. குழாயில் காற்று புகுந்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். சனிக்கிழமை தைதுங்கில் சியூலானுடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். வழி முழுக்க மலை வளைவு. இந்தக் கார் ஓடாவிட்டால் ஆகுவாங்கின் வேனில்தான் போக வேண்டும். மூன்று மணி நேரம் அவன் பேச்சைக் கேட்பதற்கு நடந்தே போகலாம் என்பது மாவ்லினின் கருத்து.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். சியூலான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இவர் சக்கரத்தருகே குந்தி காலிப்பரில் காற்று வெளியேறுவதற்கென்று இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவார். மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. செவ்வாய் முழுக்க இது நடந்தது. மூன்று டப்பா ஆயில் காலி. பெடல் மட்டும் அப்படியே மெத்தென்று இருந்தது. கடைக்காரன் பழைய ஆயிலைக் கொடுத்துவிட்டான் என்றார். ஹோஸ் உப்புகிறது என்றார். பெடலுக்குப் பின்னால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும் என்றார். கோயிலில் குறி கேட்கிற பிறைக்கட்டை இரண்டையும் தரையில் போட்டுச் சாமியிடமே கேட்டார். முதல் இரண்டு தடவையும் இரண்டு கட்டையும் தட்டைப்பக்கம் மேலே காட்டி விழுந்தன. சாமி சிரிக்கிறது என்று அதற்கு அர்த்தம். மூன்றாவது தடவை ஒரு கட்டை உருண்டு மேஜைக்கடியில் போய்விட்டது.

புதன்கிழமை ஆகுவாங் போன் செய்து, வண்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். குரலிலேயே சிரிப்பு. மாவ்லினுக்கு வாய் முந்திக்கொண்டது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒங்க அக்காவுக்குத்தான் மிதிக்கத் தெரியல. கால்ல பலமே இல்ல."

சியூலான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகக் குளிர்காலம்தோறும் பெரிய தொட்டியில் கடுகுக்கீரையையும் உப்பையும் போட்டு மிதிமிதியென்று மிதித்து ஊறுகாய் போடுகிற கால் அது. அந்தக் காலுக்குத்தான் பலமில்லையாம். ஆகுவாங் ஊரெல்லாம் சொல்லிவிட்டதில், வியாழக்கிழமைக்குள் சொந்தக்காரர்கள் நாலு பேர் முட்டிவலிப் பட்டை அனுப்பிவைத்தார்கள். அவள் அவற்றை வரிசையாக டாஷ்போர்டில் அடுக்கிவைத்துவிட்டு மிதித்தாள்.

வெள்ளி மத்தியானம் கால் மரத்துப்போய் இறங்கியவள், அவர் அருகில் குந்தி அந்த நிப்பிளைப் பார்த்தாள்.

"இது ஏன் அடியில இருக்கு?"

"அது அங்கதான் இருக்கும். ஒனக்கென்ன தெரியும்?"

"கீரை போத்தல்ல தண்ணி வடியணும்னா கவுத்து வைக்கிறோம். காத்து போகணும்னா நிமித்தணும். காத்து மேல நிக்குது, நீங்க கீழ ஓட்டையத் தொறந்து வச்சுக்கிட்டு வா வான்னா எப்படிங்க வரும்?"

மாவ்லின் எழுந்து போய்க் காலிப்பர் வந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துப் பார்த்தார். ஒன்றில் இடது, ஒன்றில் வலது; உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இடது, வலது. திங்கட்கிழமை காரின் மூக்குக்கு எதிரே நின்றுகொண்டு, தன் இடக்கைப் பக்கம் இடதையும் வலக்கைப் பக்கம் வலதையும் மாட்டியிருந்தார். பக்கம் மாறினால் நிப்பிள் தலைகீழ். சியூலானுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

"தெனம் கோயில்ல நின்னு கத்துறீங்களே. சாமிக்கு எடமா, ஒங்களுக்கு எடமா?"

அவர் காதில் விழாதது போல ஸ்பேனரைத் தேடினார். அது கையில்தான் இருந்தது. காலிப்பர்களைக் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டி, மறுபடி மிதி, பிடி, விடு. ஆறாவது மிதியில் நிப்பிளிலிருந்து புளுபுளுவென்று காற்று வந்தது. இருபதாவதில் பெடல் கெட்டியாகி, பாதி வழியிலேயே நின்றது. மாவ்லினுக்கு நியாயமாகப் பார்த்தால் அழுகை வர வேண்டும். அவருக்கு வந்தது பெருமை. நாளைக்கு நம்ம வண்டியிலேயே ராஜா மாதிரிப் போகலாம் என்றார்.

நீங்க போங்க, நான் தம்பி வேன்ல வர்றேன் என்றாள் சியூலான். கால்ல பலமில்லைன்னு அவன்கிட்ட சொன்னது நீங்க, இல்லைன்னு சொல்ல வேண்டியதும் நீங்க, அதுவரைக்கும் உங்க பக்கத்துல உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு முட்டிவலிப் பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளைச் சமாதானப்படுத்த அவர் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டை நூடுல்ஸ் வாங்கிவந்தார். அவள் சாப்பிட்டாள், ஆனால் மனசு மாறவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆகுவாங் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சியூலான் பட்டுச் சட்டையும் பையுமாக நடந்துபோய் வேனின் கதவைத் திறந்தாள். மாவ்லின் தன் காரைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார்.

"ஆகுவாங், அது... எடது வலது மாறிப்போச்சு. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆகுவாங்குக்கு ஒர்க்‌ஷாப் சத்தத்தில் பாதிக் காது ஏற்கெனவே போய்விட்டது.

"என்ன அத்தான்?"

கோயில் வாசலில் பழகிய குரல் மாவ்லினை அறியாமலே கிளம்பிவிட்டது. தெருவில் மூன்று ஜன்னல்கள் திறந்தன.

"தப்பு என்னுதுன்னேன்! ஒங்க அக்கா நாலு நாளா சரியாத்தான் மிதிச்சா!"

ஆகுவாங் சிரிக்கத் தொடங்கியபோது சியூலான் வேனின் கதவை வெளியிலிருந்தே சாத்திவிட்டு, காரில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"போலாங்க," என்றாள்.