ஒன்றரைக் கட்டைத் தாவல்

பின்னத்துக்குள் ஒளிந்துகொண்டால் என்னை யாராலும் பிடிக்க முடியாது என்று ஒன்பது வயதில் மனதார நம்பினேன். பிடிக்கக் காத்திருந்தது தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் பல் பிடுங்கும் குறடு. கடைவாய்ப் பல் ஒன்று வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது. பல்லோடு திரும்பக்கூடாது என்று அம்மா தன் தம்பியிடம் சொல்லி என்னை ஒப்படைத்தார்.

மாமா கம்பஸ் லீவில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு வந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் படிப்பது கணக்கு. எந்த வரிசையில் கூட்டினாலும் விடை மாறாத, முடிவே இல்லாத எண் கூட்டங்களைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதுதான் அவருக்குப் பிடித்த பாடம். லயத்தில் அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

டிஸ்பென்சரிக்குத் தெமோதரைப் பக்கம் தண்டவாளத்தோடுதான் வழி. காலைக் கோச்சி போய்விட்டிருந்தது; அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. நான் தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடந்த ஒரு சிலிப்பர் கட்டையில் உட்கார்ந்து எழ மறுத்தேன். மாமாவும் உட்கார்ந்தார்.

“மாப்ள, இந்தக் கட்டையிலருந்து ரெண்டு பேரும் தாவுவோம். ஒரு தாவலுக்கு எத்தன கட்டைனு நீயே சொல்லு, நானும் ஒண்ணு சொல்றேன். எந்தப் பின்னமும் சரி. சிக்னல் கம்பம் வரைக்கும் ஏங்காலு பட்ட எடத்துல ஒங்காலு படலேனா, டிஸ்பென்சரி கெடையாது.”

ஒன்றரை என்றேன். என் தாவல்களில் பாதி கட்டைகளுக்கு நடுவே கருங்கல்லில் விழும், மாமா கட்டையிலேயே நிற்பார் என்பது என் கணக்கு. மாமா இரண்டு என்றார். என் நான்காம் தாவலும் அவருடைய மூன்றாம் தாவலும் ஆறாவது கட்டையில் சேர்ந்து விழுந்தன.

இன்னொரு தடவை என்று கெஞ்சினேன். அவர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார்.

“சில எண் கூட்டத்த ரெண்டாப் பிரிச்சா பூச்சியத்தத் தவிர வேற எங்கயும் சேராது. பின்னம் அப்படி இல்லடா. எப்படிப் பிரிச்சாலும் எங்கயாவது முட்டிக்கும்.”

இது எனக்குச் சாபம் மாதிரி கேட்டது. ஒன்றும் மூன்றில் ஒன்றும் என்றேன். மாமா மறுபடியும் இரண்டு என்றார். மூன்றாவது தாவலில் நாலாவது கட்டை என்னை நோக்கி வருவது தெரிந்தது; தன் இரண்டாம் தாவலில் மாமா அதில்தான் நின்றிருந்தார். அந்தரத்திலேயே திரும்பி ஓடப் பார்த்தேன்.

எங்கேயாவது முட்டும் என்பது மட்டும்தான் கணக்கு. சிக்னல் கம்பத்துக்கு முன்னால் முட்டவேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே முட்டவைக்கத்தான் இரண்டு முறையும் நான் சொன்ன பிறகே அவர் தன் எண்ணைச் சொன்னார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நடந்தது இதுதான்: என் தாடை மாமாவின் முழங்கையில் இடித்தது, பல் கருங்கல்லில் விழுந்தது, டிஸ்பென்சரிக்குப் போகாமலே திரும்பினோம்.