லென்ஸில் படிந்த உப்பு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், தூத்துக்குடிக் கடற்கரை மணலில் தனியாளாகச் சினிமாக் கொட்டகை போட்டேன். புரொஜெக்டரையும் நானே பூட்டி ஓட்டினேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம். போரில் இறந்த தன் மகன் செய்திப்படத்தில் நடந்து வருகிறான் என்று கேள்விப்பட்டு, முத்துக்குளிக்கும் குடும்பத்து அம்மா ஒருத்தி கடைசி ஆட்டத்துக்கு வந்தாள். திரையில் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. கோளாறு உள்ளே என்று நினைத்து எந்திரத்தை நிறுத்திப் பிரித்தேன்.

"தம்பி, கண்ணாடியத் தொடச்சியா? உப்புக்காத்துல எங்க வள்ளத்து விளக்கும் இப்படித்தான் மங்கும்."

"வள்ளத்து விளக்கும் இதுவும் ஒண்ணா ஆத்தா? சும்மா இரிங்க!" என்று சிரித்தேன்.

பிரித்து மாட்டுவதற்குள் ரயில் நேரமாகி, படச்சுருள் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பிறகுதான் லென்ஸைத் துடைத்தேன். துணியெல்லாம் உப்பு.

"போட்டும் தம்பி. மங்கலா ஒண்ணு அசைஞ்சுதே, அதை எம் மவன்னு வச்சுக்கிடுதேன்" என்றாள்.

எங்கள் கடற்கரைக்குச் சினிமா கொண்டுவந்தவன் என்று என் பெயரைப் போடுகிறவர்கள், அந்தத் தாய்க்கு மகன் முகத்தை மறைத்தவனும் நானே என்று சேர்த்துப் போட வேண்டும்.