போதகரம்மா ஏன் சாப்பிடவில்லை

சியேனி எங்கள் சின்னத் தீவு ஊருக்குப் போதகரம்மாவாக வந்தபோது நன்றாகச் சாப்பிடுகிறவளாகத்தான் வந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊரில் எல்லோருக்கும் அது மறந்துபோனது. மாதர் சங்கத்துப் பெண்கள் கடற்கரையில் கைப்பந்து ஆடினால், இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் இறங்குவாள். ஆட்டம் முடிந்ததும் எங்களோடு மணலில் உட்கார்ந்து, சுட்ட சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தோய்த்துத் தின்பாள். அவள் கணவர் ஒபேத்தா போதகருக்குக் கூச்ச சுபாவம். பிரசங்க மேடையை விட்டு இறங்கினால் அவருக்குப் பேச்சு வராது. அவருக்கும் சேர்த்து ஊரோடு பேசிச் சிரித்தது சியேனிதான்.

வந்த மூன்றாம் வருஷம் வலி தொடங்கியது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும், நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருக்கிறது என்றாள். நடந்தால் கூடும், மல்லாந்து படுத்தால் இன்னும் கூடும். மண்டியிட்டு, தலையணையை வயிற்றோடு அணைத்து, நெற்றி பாயில் படும்படி குனிந்து கிடந்தால்தான் கொஞ்சம் அடங்கும். எங்கள் வீடு போதகர் வீட்டுக்கு அடுத்தது. ஊரில் மற்ற வீடுகளெல்லாம் தூணும் கூரையும் மட்டும்தான்; போதகர் வீடும் அப்படி இருந்திருந்தால் ஊரே பார்த்திருக்கும். போதகர் வீட்டுக்குச் சுவர் உண்டு. அதனால் நானும் இன்னும் ஒன்றிரண்டு பேரும் மட்டும் பார்த்தோம்.

வேறு யாருக்காவது இந்த வலி வந்திருந்தால், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள். போதகர் மனைவிக்கு அது நடக்காது. அந்த வீட்டுச் சாப்பாடு ஊர் போடும் சாப்பாடு. ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்துத் தட்டு கொண்டுபோகும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பத் தலைவர்களும் அவர்கள் மனைவிமாரும் போதகர் வீட்டில் கூடுவார்கள். கல் அடுப்பில் சுட்ட பன்றி, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பால் ஊற்றிப் பொதிந்த சேம்பிலை, டின் மாட்டிறைச்சி என்று ஒவ்வொருவர் முன்னாலும் தட்டு நிறைய வரும். முதல் தட்டு போதகருக்கு, அடுத்தது அம்மாவுக்கு. அவர்கள் கைவைக்காமல் மிச்சம் விட்டால், கொண்டுவந்த குடும்பத்தின் முகம் விழுந்துபோகும்.

சியேனி கிழங்கை விரலால் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருப்பதை லோசா கவனித்துவிட்டாள். லோசா மாதர் சங்கத் தலைவி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னம்மா, இன்னிக்கு எங்க வீட்டுக் கிழங்கு வேகலையா?"

"நல்லா வெந்திருக்கு லோசாம்மா. வயிறுதான் வலிக்குது."

"போன வாரமும் வயிறு வலிச்சுதே. எங்க வீட்டு முறை வர்றப்ப மட்டும் வலிக்குதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சியேனியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள். அன்று மதியம் சுவருக்குப் பின்னாலிருந்து கேட்ட முனகலை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒபேத்தா தன் தட்டைச் சியேனியின் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார். மீன்பிடியைப் பற்றிப் பெரியவர்களிடம் என்னவோ கேட்டார். அவர்கள் சுவாரசியமாகப் பதில் சொல்லும்போது அவர் கை மனைவியின் தட்டுக்குப் போய் வந்தது. தன் தட்டையும் காலி செய்தார், அவள் தட்டையும் காலி செய்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒருநாள் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "போதகரே, பொண்டாட்டி தட்டையும் விட்டு வைக்க மாட்டீங்க போல!" என்றார்.

"என்ன செய்யறது, உங்க ஊர் பன்றி அப்படி" என்றார் ஒபேத்தா. கூச்சப்படுகிற மனிதர், முகம் சிவந்துபோயிற்று. சாப்பாட்டு ராமன்களுக்கு நாங்கள் வைக்கும் பட்டப்பெயர்கள் ஒவ்வொன்றாக அவர்மேல் விழுந்தன. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

சியேனிக்கு அது பிடிக்கவில்லை. சமையல்கட்டில் அவரிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"என் பங்கையும் சேத்து முழுங்கறீங்களே, உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்? எனக்கு வியாதின்னு சொல்லிடுங்க."

"என்ன வியாதின்னு கேப்பாங்க."

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"பேர் தெரியாத வியாதிக்கு ஊரே ஒரு பேர் வெக்கும், சியேனி. அது உனக்கு வேணாம்."

அவர் பயந்ததுபோலவே ஊர் பேர் வைத்தது. உடம்பு பாதியாக இளைத்தவளைத் தட்டு காலியாகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடுவார்களா? அந்த வீட்டில் முன்னால் இறந்துபோன யாருடைய ஆவியோ அவளைப் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். வெளிநாட்டுப் பெண்களைப்போல ஒல்லியாக வேண்டும் என்று தின்றதை வாந்தி எடுக்கிறாள் என்றார்கள் சிலர். லோசா நல்லெண்ணத்தோடுதான் ஒரு வைத்தியச்சியை அழைத்து வந்தாள். அவள் எண்ணெய் தடவி, குடல் இடம் மாறியிருக்கிறது என்று வயிற்றைப் பிசைந்தாள். சியேனி வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஊர் மருந்தகத்தில் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். கப்பல் ஏறிப் பெரிய தீவுக்குப் போய்ப் பார்த்த டாக்டர், குழலை விட்டு வயிற்றுக்குள் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை என்றார்.

"உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டாராம்.

"இல்ல."

"மனசுக்குள்ள கவலை இருந்தா இப்படி வரும்மா."

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அக்கா, ஒருவேளை அவங்க சொல்றது சரியோன்னு எனக்கே தோணுது. வலிக்குதுன்னு நானா நெனச்சுக்கறேனோ?" அதற்குள் பாடகர் குழுவிலிருந்தும் நின்றுவிட்டாள். நீட்டிப் பாடி மூச்சை விடும்போது வலி பிடித்துக்கொள்கிறது என்றாள். அதையும் யாரும் நம்பவில்லை. பாடுவதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இப்படியே பத்து வருஷம் போன பிறகு, சம்பந்தம் இருக்கிறது என்று சொன்னவர் நியூசிலாந்திலிருந்து மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு பெண் டாக்டர். சியேனியைப் பார்க்க வரவில்லை. காத்திருந்தவர்களோடு அவளும் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "மூச்சை விடுங்க... இன்னும் விடுங்க" என்றார். பிறகு குழாயைச் சியேனியின் காதிலேயே மாட்டினார். புயலுக்கு முன்னால் தென்னந்தோப்பில் கேட்குமே, அப்படி ஒரு இரைச்சல் என்றாள் சியேனி. மூச்சை வெளியே விடும்போது அந்த இரைச்சல் கூடியது. வயிற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின்மேல், மூச்சுத் தசையின் நாண் ஒன்று தாழ்வாக விழுந்து நசுக்கிக்கொண்டிருந்தது. கூடவே அங்கே இருக்கும் நரம்புகளையும் நசுக்கியது. சாப்பிட்டால் வயிறு இரத்தம் கேட்கும், வழி அடைத்திருக்கும். ரொம்ப அபூர்வமாக வருவது, பிறவியிலேயே அமைந்துவிடுவது, அந்த நாணை அறுத்துவிட்டால் தேவலையாகலாம் என்றார் டாக்டர். "ஆகலாம்" என்றுதான் சொன்னார். சியேனி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தனக்குப் பைத்தியம் இல்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஞாயிறு ஒபேத்தா பிரசங்கத்தை நடுவில் நிறுத்தினார். வியாதி இன்னதென்று சொன்னார். பிறகு, "இத்தனை வருஷமா என் மனைவி தட்டுல நீங்க வெச்சதைச் சாப்பிட்டது நான்தான். நான் பேராசைக்காரன்னு நீங்க சிரிச்சீங்க. அவ உங்க சாப்பாட்டை வெறுத்ததில்ல" என்றார். கோயிலில் பெண்கள் வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றுவிட்டன.

ஆராதனை முடிந்து லோசா வந்து போதகர் வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சீர்வரிசைக்கு வைத்திருந்த பாயை மடியில் வைத்திருந்தாள். எங்கள் பக்கம் மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் பாயோடு வருவார்கள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எத்தனை தடவை சொன்னேன் லோசாம்மா, வலிக்குதுன்னு."

 லோசா பாயைத் தரையில் விரித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சியேனி அறுவைக்கு ஆக்லாந்து போனாள். அங்கே அவள் தம்பி குடும்பம் இருந்தது. ஒபேத்தா அவளோடு போகவில்லை. காலில் பவளப்பாறை குத்திய புண் இருக்கிறது, ஆறட்டும் என்றார். போனில் அவள் கேட்கும்போதெல்லாம் ஆறிவிட்டது என்றே சொன்னார். ஆறவில்லை. அவர் உடம்பில் சர்க்கரை எவ்வளவு காலமாக இருந்தது என்று அவருக்கே தெரியாது. பாதம் கறுத்த பிறகுதான் எங்களிடம் காட்டினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளிடம் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வயிற்றில் தையல் காயாதவள், ஓடி வந்துவிடுவாள் என்றார்.

அவள் கப்பலிலிருந்து இறங்கியபோது துறையில் நானும் லோசாவும் நின்றோம்.

"அவரு எங்க?"

"வீட்டுல இருக்காரு" என்றேன்.

"கால் எப்படி இருக்கு?"

லோசா அவள் பையை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தாள். சியேனி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

அறுவை பாதிதான் பலித்தது. இரைச்சல் போய்விட்டது, இரத்தம் ஓடியது. ஆனால் வெகுகாலம் நசுங்கிக் கிடந்த நரம்புகள் அடங்கவில்லை. கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் பழம், கொஞ்சம் மீன் என்று பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டால் தாங்கும். அதற்கு மேல் போனால் பழைய வலி. சில நாள் காரணமே இல்லாமலும் வரும்.

தன் வலியோடு அவள் புருஷனின் சாப்பாட்டுக்குக் காவல் நின்றாள். ஊர் தட்டு கொண்டுவருவதை நிறுத்தவில்லை. காலிழந்த போதகருக்கு இன்னும் கூடுதலாகவே கொண்டுவந்தது. அவள் வாசலிலேயே மறித்தாள். "மீன் மட்டும் குடுங்க. மத்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க." இப்போது யாரும் கோபப்படவில்லை. ஆனால் உள்ளேயிருந்து ஒபேத்தா கூப்பிடுவார்.

"சியேனி, ஒரு துண்டு கிழங்கு. ஒரே ஒரு துண்டு."

"வேணாம்."

"பசிக்குது சியேனி. நெஜமாவே பசிக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. பத்து வருஷம் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்ட உடம்பு அது. பார்க்க வரும் பெரியவர்கள் இரக்கப்பட்டு டின் மாட்டிறைச்சியை ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தலையணைக்கு அடியில் காலி டின்னைக் கண்டெடுத்த அன்று அவள் அவரைத் திட்டவில்லை. "எனக்காகத் தின்ன ஆரம்பிச்சீங்க, எனக்காக நிறுத்த மாட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் சிறுநீரகம் போயிற்று. சியேனி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு காலையில் இறந்தார். சாவுக்குப் பன்றிகள் அறுத்தார்கள், பெட்டி பெட்டியாக டின்கள் பங்கிட்டார்கள். ஒபேத்தாவின் அண்ணன் குடும்பம் வந்து சியேனி முன்னால் தட்டு வைத்தது. அவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. லோசா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

போதகர் வீடு ஊருடையது. புதுப் போதகரைத் தேட வேண்டும். துக்கம் முடிந்ததும் சியேனி பெரிய தீவில் அக்காள் வீட்டுக்குப் போனாள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறாள். போன வருஷம் போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இல்லை. ஆனால் சதையும் வைக்கவில்லை. ஊர்ச் செய்தி எல்லாம் கேட்டாள். புதுப் போதகரம்மாவைப் பற்றிக் கேட்டாள்.

"நல்லா சாப்பிடறாங்களா?"

"நல்லா சாப்பிடறாங்க."

"சரி, நல்லது" என்றாள். கொஞ்ச நேரம் தையல் மெஷினை ஓட்டினாள். பிறகு நிறுத்தி, வயிற்றில் கையை வைத்தபடி எழுந்தாள். "வந்துடுச்சு அக்கா. கொஞ்சம் குனிஞ்சு கெடந்துட்டு வர்றேன், இருங்க" என்று உள்ளே போனாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ் வரும் நேரம்வரை அவள் வெளியே வரவில்லை. கதவோரம் நின்று, போய்வருகிறேன் என்று மெல்லச் சொன்னேன். பாயில் நெற்றியை வைத்திருந்தவள் தலையை நிமிர்த்தாமல் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினாள்.