ஆயரின் சாம்பல் விரல்

லண்டனில் மிச்சம் பகுதிக்குப் போகும் டிராமில் நின்றுகொண்டிருந்தபோது சூசை அண்ணையின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டார், அங்கிள்." அதற்குப் பிறகு அந்த டிராம் நாற்பது நாடுகளைக் கடந்துதான் அடுத்த தரிப்பில் நின்றது.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். பகலில் ஹீத்ரோவில் விமானம் துடைத்தார். மற்ற நேரமெல்லாம் கத்தோலிக்க ஆயர்களை வரைந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நவசெவ்வியல் முறை: இருண்ட வெறும் பின்புலம், பளிங்கு முகம், தூரிகைத் தடம் தெரியாத பட்டு அங்கி. எல்லாம் முதலில் சாம்பல் நிறத்தில் வரும்; அதன்மேல் மெல்ல மெல்ல உயிர்நிறம் ஏறும். "அவசரப்பட்டால் மனுசன் தெரிவான், பதவி தெரியாது" என்பார்.

ஓய்வுபெறும் எங்கள் ஆயரின் படத்தைத் தேவாலயப் பங்குச் சபை கேட்டபோது, அண்ணையின் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆயர் முகத்துக்காக இரண்டு தடவை வந்து உட்கார்ந்தார். அங்கிக்கும் கைக்கும் வேறு ஆளை இருத்துவது அந்தத் தொழிலின் வழக்கம். அகப்பட்டவன் நான். ஏழு கடலும் சேர்ந்து கழுவினாலும் வெளுக்காத பாவி, பதினொரு சனிக்கிழமை அவருடைய கராஜில் ஊதா அங்கியோடு திருச்சபையை ஆண்டேன்.

"ஆண்டகை, வயிற்றைக் கொஞ்சம் உள்ளுக்கு எடும்" என்பார், ஆயரைக் கூப்பிடுவதுபோல.

"ஏலாது அண்ணை. இது பதவியோடை வந்த வயிறு."

சிரித்தால் அவருக்கு இருமல் வரும். பிறகு சிரிக்க வைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆயர்கள் வலக்கையில் போடும் மோதிரம் மட்டும் பாக்கி என்ற நிலையில் சபைத் தலைவர் வந்து பார்த்தார். "மோதிர விரல் எங்கை?"

என் வலக்கையில் அது இல்லை. ஊரில் சண்டைக்கால ஷெல்லடியில் போனது. அண்ணை கண்டதை அப்படியே வரைந்திருந்தார். எங்கள் ஆட்களிடையே விரல் குறைந்த கை ஒரு புதினமா? இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

"விரலை வைச்சிட்டுத்தான் சாவன்" என்றார் அண்ணை. என் இடக்கையைக் கண்ணாடிக்கு முன் பிடிக்கச் சொல்லி, அதில் தெரிந்த விரலைப் பார்த்து வரைந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய். ஒரு கோடு இழுத்தால் பத்து நிமிடம் மூச்சு வாங்குவார். மூன்று வாரத்தில் சாம்பல் நிறத்தில் விரல் வந்தது. "நாளைக்கு நிறம் போடுவம்" என்றார். மறுநாள் அம்புலன்ஸ் வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு தலைவர், "வேறை ஆளைப் பிடிச்சு நிறத்தைப் போடுவிப்பம்" என்றார்.

"அந்த விரலை ஒருத்தரும் தொடவேண்டாம்" என்றேன்.

"அப்ப மோதிரம்?"

"ஆண்டகையின்ரை கையிலை ஒண்டு இருக்குத்தானே."

படம் அப்படியே மண்டபத்தில் தொங்குகிறது. எனக்கு இல்லாமல் போன விரலை, ஒரு மனிதர் தன் கடைசி மூச்சுகளைச் செலவழித்துச் செய்து தந்தார். அது செத்த விரலின் நிறத்தில்தான் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.