படிவத்தின் தலையில் போட்ட சுழி

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போனேன். பேண்டேஜ் துணி நெய்து வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான்; அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

முதலாளிக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். துணி வேண்டுகிறவர்கள் விவரம் எழுதிப் பட்டனை அமுக்க அதில் ஒரு படிவம். இன்டர்நெட்டில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த இடத்தில் பக்கங்களை வைக்கலாம். ஆனால் படிவத்தை மெயிலாக மாற்றி அனுப்பும் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராமை அங்கே ஓட்ட முடியாது. அதனால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்திருந்த ஸ்கிரிப்டுக்குப் படிவத்தைத் திருப்பிவிட்டேன். அது கேட்டது ஒன்றே ஒன்று. மெயில் போகவேண்டிய முகவரி படிவத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். அப்படியே செய்து சோதித்தேன். மெயில் ஜம்மென்று வந்து விழுந்தது.

"தீபாவளி வரைக்கும் பாப்போம்மா. ஒரு கடுதாசியும் வரலைன்னா கம்ப்யூட்டரை வித்துருவோம்" என்றார் முதலாளி. கம்ப்யூட்டர் போனால் நானும் போகவேண்டியதுதான். வீட்டில் மறுநாளே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போனது. ஒரு மெயில் இல்லை.

"எம்புட்டு நாளாச்சு, ஒருத்தனும் எழுதலியேம்மா?"

"நான் என்ன செய்ய மொதலாளி? நம்ம துணிய எவனும் கேக்கல" என்றேன் வெடுக்கென்று. அவர் முகம் சுண்டிவிட்டது.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஆத்திரத்தில் நானே படிவத்தை நிரப்பி அமுக்கினேன். 'நன்றி, உங்கள் செய்தி சேர்ந்தது' என்றது ஸ்கிரிப்ட். மெயில் வரவில்லை. படிவத்தை உள்ளே திறந்து பார்த்தேன். அடி கூறுகெட்டவளே! முகவரிக்கும் மேலே, பார்ப்பவர் கண்ணில் படாத பெட்டியில், பிள்ளையார் சுழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து சுழி போடாமல் எந்தத் தாளையும் தொடங்காத கை இது. சோதித்து முடித்த பிறகு, வெப்சைட்டைத் திறந்த நாளன்று, நல்ல காரியமாச்சே என்று நானே சேர்த்தது. ஸ்கிரிப்ட் அதையே முகவரி என்று எடுத்துக்கொண்டது. எழுதிய அத்தனை பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, செய்திகளை இல்லாத ஊருக்கு அனுப்பியிருக்கிறது.

சுழியை எடுத்துவிட்டு முதலாளியிடம் போனேன். "துணி மேல குத்தமில்ல மொதலாளி. எல்லாம் என்னாலதான்" என்று நடந்ததைச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"பிள்ளையாரை எதுக்கும்மா அதுக்குள்ள அடைச்ச?" என்றார்.

மறுநாள் கொழும்பிலிருந்து ஒரு மெயில். ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வாங்கிக் கொடுப்பவர். 'மூன்றாம் முறையாக எழுதுகிறேன். வேண்டாம் என்றால் அதையாவது சொல்லுங்கள்.' அப்பாடா, வேலை தப்பியது என்று மெயிலைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதலாளி இரண்டு தரம் படித்தார்.

"இந்த மனுசன் மூணு தரம் எழுதியிருக்காரு" என்றார். "ஒரு தரம் எழுதிட்டு, நம்மள மதிக்கலன்னு போனவுக எத்தனை பேரும்மா?"