பற்றறி இறங்கிய இடத்திலிருந்து

மாங்கேணியில் எங்கள் ஒழுங்கையின் அத்தனை வீடுகளுக்கும் ஒரேயொரு தொலைக்காட்சிதான் இருந்தது. மின்சாரம் கிடையாது, உழவு மெஷினின் பற்றறியைக் கழற்றி வந்து அதில் பூட்டுவார்கள். வாரத்தில் ஒருநாள் பழைய ஆங்கிலப் பொலிஸ் நாடகம் ஒன்று போகும். பேச்சு விளங்காவிட்டாலும் யார் பொய் சொல்கிறார்கள் என்பதை நாங்கள் முகத்தை வைத்தே பிடித்துவிடுவோம்.

ஒரு பாகத்தில் ஒரு கிழவரைக் கொன்றுவிடுகிறார்கள். துப்பறிபவர் ஒரு வீட்டு வாசலில் நின்று, அன்றைக்கு உன் மகன் எங்கே இருந்தான் என்று தாயிடம் கேட்கிறார். அவள் வாயைத் திறக்கும் நேரம் பற்றறி இறங்கிவிட்டது. படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி அணைந்தது.

உண்மையைத்தான் சொல்லியிருப்பாள் என்றார் தொலைக்காட்சி வீட்டுக்காரர். வெள்ளைக்காரருக்குப் பொய் வராதாம். அம்மா விடவில்லை.

"வெள்ளைக்காரியெண்டா புள்ளையப் பெறாமலா வளத்தவள்? வீட்டிலதான் இருந்தவன் எண்டிருப்பாள்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வந்த யுத்த வருடங்களில் எங்கள் ஊர்த் தாய்மாருக்கு அந்த வசனம் பாடமாகிவிட்டது. சீருடையில் யார் வந்து கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே அது வந்துவிடும். பால் பொங்கினால் அடுப்புக்குக் கை போவதுபோல.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் இப்போது இருக்கும் நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, கறுப்பு மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்தார்கள். விழுந்து தலை அடிபட்ட அவள் இன்னும் கண் திறக்கவில்லை. கறுப்பு மோட்டார் சைக்கிள் உள்ள வீடுகளுக்கெல்லாம் போன பொலிஸ் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் மகன் எங்கே இருந்தான் என்று கேட்டார்கள்.

"வீட்டிலதான் இருந்தவன் சேர்," என்றேன்.

பக்கத்தில் நின்ற மகன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனும் ஓம் என்றான்.

அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டில் இருக்கவில்லை. பொழுதுபட்டுத்தான் வந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து வாசல் படலையில் சத்தம் கேட்டாலே எழும்பிப் போய் யார் என்று பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்தப் பெண்ணுக்காக நேர்த்திக்கடன் வைத்திருக்கிறேன். யாருக்காக வைத்தேன் என்று கடவுளுக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் அந்தப் பழைய நாடகத்தைத் தொலைபேசியில் தேடி எடுத்தேன். இப்போது எனக்கு ஆங்கிலம் விளங்கும். அம்மா சொன்னதுதான் சரி: மகன் வீட்டில்தான் இருந்தான் என்கிறாள் அந்தத் தாய். துப்பறிபவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கொலை நடந்த நேரம் அவன் வேறோர் இடத்தில் நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அவன்மேல் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்று மெதுவாகச் சொல்கிறார். தாயின் முகத்தைக் காட்டவில்லை. படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகனின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினால், தலை துவட்டிய துவாயைத் தோளில் போட்டபடி என் மகன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"அண்டைக்கு நான் எங்க நிண்டன் எண்டு நீங்க என்னட்டக் கேக்கவே இல்லையேம்மா," என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் கேட்பேன் என்று அவன் சற்று நேரம் நின்றான். கேட்கத்தான் நினைத்தேன். தோல் உரிந்த அந்த முழங்கைதான் கண்ணில் நின்றது.

அவன் ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். எங்கே போகிறாய் என்று தினமும் கேட்கிற நான், அதைக்கூட அவனிடம் கேட்க முடியாமல் வாசலில் நின்றேன்.