காதுகுத்துக்கு வந்த மாமன்

சின்னையா என்ற பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் எங்கள் ஆத்தா இருளாயி சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவள் மகள் வீரம்மா நான் எடுக்கிறேன். அந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு நெஞ்சு ஆறாது.

கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆத்தாவும் அப்பா சீனியும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலில் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குள் காய்ச்சல் புகுந்து, பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது அவர்கள் மகள் முத்தம்மா. நாலு வயது இருக்கும். கடல் கடந்து வந்த இந்தச் சீமையில் அவளுக்குச் சொந்தம் என்று ஒரு நாதியில்லை. எங்களையெல்லாம் வேலை வாங்கும் பெரிய கங்காணி, யாராவது வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஈப்போவில் அநாதைகளோடு விட்டுவிடுவேன் என்றார். ஆத்தா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. என் படுக்கையில் பாதி போனது. முத்தம்மா வாயைத் திறக்கமாட்டாள். சாப்பிடும்போது பாதிச் சோற்றைப் பாவாடைக்குள் மறைத்துப் பாயின் கீழே வைப்பாள். எறும்பு வந்து எங்களைப் பிடுங்கி எடுக்கும். விடியலில் ஆத்தா வேலைக்குக் கிளம்பினால் இவள் அழுது ஊரைக் கூட்டுவாள். பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் நிற்கவே மாட்டாள். வேறு வழியில்லாமல் ஆத்தா அவளையும் காட்டுக்குத் தூக்கிப்போய் மரத்தடியில் உட்கார வைத்து வேலை செய்தாள். இன்னொரு வயிறா என்று முணுமுணுத்த அப்பாதான் அவளுக்குத் தகரத்தில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். மாதக்கணக்கில் பேசாமல் கிடந்த பிள்ளை, ஒரு மழைநாளில் காலில் அட்டை ஏறியதைப் பார்த்துவிட்டு, "ஆத்தா" என்று அலறினாள். ஆத்தா அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் லயத்து வாய் சும்மா இருக்குமா? செத்தவள் பிள்ளை என்றேதான் முத்தம்மாவைக் கூப்பிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், காது குத்தவேண்டும் என்று ஆத்தாவுக்கு ஆசை வந்தது. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே. ஆத்தாவோடு பிறந்தவர்கள் எல்லாரும் சொந்த ஊரில் இருந்தார்கள். இங்கே இருந்தது சின்னையா. ஒரே கப்பலில் வந்த ஆள். கப்பலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றினவள் ஆத்தா. அன்றிலிருந்து தங்கச்சி தங்கச்சி என்று எங்கள் வீட்டில்தான் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

மாரியம்மன் கோயில் வாசலில் லயமே கூடியிருக்க, சின்னையா சம்மணமிட்டு உட்கார்ந்து முத்தம்மாவை மடியில் வைத்துக்கொண்டான். தாய்மாமன் சீராகச் சிவப்புப் பாவாடையும் பழமும் வெல்லமும் கொண்டுவந்தான். பிறகு அவனைக் கண்டால் போதும், மாமா என்று அவள் முதுகில் ஏறிக்கொள்வாள்.

இரண்டு வருஷத்தில் அவனுக்கு யோகம் அடித்தது. பெரிய கங்காணியின் மகளைக் கட்டி, குனோங் ராபாட் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சின்னக் கங்காணியாகப் போனான். அங்கே ஒரு பிள்ளை பிறந்தது. தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், ஆத்தா வைத்த கருவாட்டுக் குழம்பை வழித்துத் தின்றான், கை கழுவிவிட்டுச் சொன்னான்.

"முத்தம்மாவ நான் கூட்டிக்கிட்டுப் போறேன் தங்கச்சி. தாய்மாமன் நான் இருக்கேன்லா."

பண்டிகைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று ஆத்தா நினைத்தாள். ஒரேயடியாக என்று தெரிந்ததும் முடியாது என்றாள். அவன் பஞ்சாயத்துக் கூட்டினான். பஞ்சாயத்துக்குத் தலைவர் யார்? அவன் மாமனார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமன்தானே உரிமைக்காரன், இவன் மடியில் வைத்தானா இல்லையா என்று கேட்டார். பார்த்தோம் என்று லயமே தலையாட்டியது. ஆத்தா எழுந்தாள்.

"மடியில வெச்சான் சாமி, இல்லேங்கல. எனக்கு அண்ணன்னு சொல்லித்தான வெச்சான்? அவன் மாமன்னா நான் ஆத்தா இல்லையா? ஆத்தா உசிரோட இருக்கையில மாமன் எப்படிப் பிள்ளையத் தூக்கிட்டுப் போவான்?"

நீ பெறவில்லையே என்றார் கங்காணி. அவன் மட்டும் ஆத்தாவோடு பிறந்தவனா? ஒரு காலைப்பொழுது மடி கொடுத்தவன் மாமன் ஆகிவிட்டான், எச்சில் துடைத்து வளர்த்தவள் யாரோ ஆகிவிட்டாள். கடைசியில் அப்பாவைக் கேட்டார்கள். மறுநாள் காலை அதே கங்காணி முன்னால் வேலைக்கு நிற்கவேண்டிய மனுஷன். தரையைப் பார்த்தபடி, மாமனே வைத்துக்கொள்ளட்டும் என்றார். சின்னையா செய்தது துரோகம் என்றால், இதை என்னவென்று சொல்ல? அன்றிலிருந்து ஆத்தா அவருக்குச் சோறு போட்டதில்லை. நான்தான் போட்டேன்.

பிள்ளை அழுதுவிடக்கூடாது என்று ஆத்தா சிரித்த முகமாக அனுப்பினாள். "மாமா வீட்டுல பாப்பா இருக்கு தாயி. போ" என்றாள். முத்தம்மா அவன் தோளில் உட்கார்ந்து குஷியாகக் கையாட்டிக்கொண்டு போனாள்.

தீபாவளிக்கு முறுக்கைக் கட்டிக்கொண்டு ஆத்தா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழி மாட்டுவண்டி, மீதி நடை. சின்னையா வீட்டு வாசலில் முத்தம்மா நின்றாள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடுப்பில் அவளில் பாதி கனம் இருக்கும் பிள்ளை. ஆத்தா ஓடினாள். முத்தம்மா பின்னால் நகர்ந்தாள்.

"எதுக்கு வந்தீங்க? என்னைய வேணாம்னு நீங்கதான குடுத்தீங்க. மாமா சொன்னாரு."

"நான் குடுக்கல தாயி."

"போன்னு நீங்கதான சொன்னீங்க."

உள்ளேயிருந்து சின்னையா, வாசலில் யாரு என்று கேட்டான்.

"யாருமில்ல மாமா" என்றாள் முத்தம்மா. இடுப்புப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.